வெள்ளத்தில் நின்ற லோடு வண்டி... விலைக்கு வாங்கலாமா?

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரலுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் வயலும் வாழையும்தான். பெருங்குளம் தாண்டினால் ஆற்றங்கரைக் காற்று முகத்தில் அடிக்கும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. 1870-களில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. அந்த வாய்க்கால்களையும் அவை நிரப்பும் குளங்களையும் நம்பித்தான் இங்கே நெல்லும் வாழையும் ஆத்தூர் வெற்றிலையும் விளைகின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. குளங்கள் உடைந்தன. ஆறு கரை தாண்டியது. ஏரல் கடைத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆடு, மாடு, வைக்கோல், விதைநெல், துணிமணி என்று போனவற்றின் பட்டியல் பெரிது. அந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வண்டிகள் வந்தன. ஆனால், தண்ணீர் வடிந்து ஒரு மாதம் கழித்து ஊருக்கு ஊர் பேச்சாக இருந்தது வண்டிகள்தான். விவசாயி மறுபடி எழுந்து நிற்க வேண்டுமென்றால், விளைந்ததை ஏற்றிப் போக ஒரு வண்டி வேண்டுமே!

டி.வி.எஸ். பிழைத்தது

ஏரலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் வாழை வைத்திருந்தார் ஒரு விவசாயி. ஆற்றங்கரை வயலில் மணல் மூடிவிட்டது. மேட்டுப் பக்கம் இருந்த முக்கால் ஏக்கர் மட்டும் தப்பியது. அதில் இலை அறுத்துத்தான் பொங்கலுக்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது. வாரத்துக்கு மூன்று முறை இலைக்கட்டுகளைத் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும். ஒரு நடைக்கு வாடகை 700 ரூபாய்.

அவருடைய டி.வி.எஸ். மொபெட்டும் வெள்ளத்தில் மூழ்கியதுதான். தண்ணீர் வடிந்ததும் அதை உதைத்து ஸ்டார்ட் செய்து பார்க்க மகன் ஓடினான். "அதத் தொடாதல!" என்று அதட்டி நிறுத்தினார். ஏரலில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் முன்பே சொல்லியிருந்த பாடம் அது. பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றி, பெட்ரோல் டேங்கைக் காலி செய்து கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து, கியர் ஆயிலை இரண்டு தடவை மாற்றி, பிரேக் டிரம்மில் இருந்த சேற்றைச் சுரண்டி எடுத்தார்கள். 1,800 ரூபாய் செலவில் வண்டி ஓடியது.

அந்தத் தைரியத்தில்தான் அடுத்த யோசனை வந்தது. பக்கத்து ஊரில், வெள்ளத்தில் நின்ற குட்டி யானை ஒன்று 1,30,000 ரூபாய்க்கு விலைக்கு வந்திருந்தது. அதே வயதுள்ள, தண்ணீர் படாத வண்டி 2,75,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்காது. 'ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல மிச்சம் ஆகுமே... வாடகையும் மிச்சம். ரிப்பேர் செஞ்சு ஓட்டிக்கிடலாம்' என்று அவருக்கு ஆசை. கையில் இருந்தது பயிருக்குக் கிடைத்த நிவாரணத் தொகையும், மனைவியின் சங்கிலியை அடகு வைத்தால் வரும் பணமும். மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சங்கிலியத் தாரேன். மெக்கானிக்கு அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போயிப் பாத்துட்டு வந்து கேளுங்க."

வேப்பமரத்தடியில் ஒரு பரிசோதனை

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மெக்கானிக் வெளிப் பெயின்டைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்த்தார். சேற்று வாடை இருந்தது. கால் மிதியைத் தூக்கி, அடியில் விரலை விட்டுத் தடவினார். களிமண் ஒட்டியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கோடு போட்டிருந்தது.

"தண்ணி எதுவரைக்கும் நின்னுதுங்கதுக்கு இதுதான் சாட்சி. வண்டியக் கழுவுதவன் பெல்ட்ட முழுசா இழுத்துக் கழுவ மாட்டான்" என்றார்.

அடுத்து ஹெட்லைட் கண்ணாடிக்குள் பார்த்தார். உள்ளே நீர்த்துளி காய்ந்த தடம். சீட்டை இறுக்கும் போல்ட்டுகளில் புதுத் துரு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பியூஸ் பெட்டியைத் திறந்ததும் பச்சை பூத்திருந்தது. செம்புக் கம்பி அரிக்க ஆரம்பித்தால் வரும் பச்சை அது. இன்ஜின் ஆயில் அளவுக் கம்பியை உருவினார். ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கியர் பெட்டி ஆயிலிலும் பின் அச்சு ஆயிலிலும் அதே நிறம்.

கடைசியாகத்தான் வண்டிக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "தம்பி, மறைக்காமச் சொல்லணும். தண்ணி வடிஞ்ச பெறகு சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியளா?"

வண்டிக்காரர் தலையைக் குனிந்தார். "மூணாம் நாளு பாத்தேன் அண்ணாச்சி. 'டொக்'குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் செல்ஃப் சுத்தல."

அந்த 'டொக்' என்ற ஒரு சத்தத்துக்குள் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அழுத்தும். காற்று சுருங்கிக் கொடுக்கும். தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் மேலே ஏறும்போது தண்ணீர் குறுக்கே நின்றால், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நேரம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சாவி போட்டுப் பார்க்கவே கூடாது என்பது இதனால்தான். முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அடுத்தது கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோவது.

நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

இந்தப் பகுதியில் வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரலிலிருந்து கிழக்கே போனால் முக்காணி, ஆத்தூர். அதற்கும் அப்பால் ஆறு கடலில் சேரும் புன்னக்காயல். தூத்துக்குடிச் சாலையில் பழையகாயல் பக்கம் உப்பளங்கள். ஆற்று வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும், உப்பளத் தண்ணீரோ கடல் நீரோ ஏறிய வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. ஆற்று நீரில் வண்டல்தான் எதிரி. கழுவி, பேரிங் மாற்றி, கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். உப்பு அப்படி இல்லை. ஒயரின் உள்கம்பி, சேஸிஸின் உள்பக்கம், பிரேக் குழாய் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருந்து அரித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். உப்புத் தண்ணீரில் நின்ற வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பது மெக்கானிக்கின் கட்சி.

வண்டியின் வயதும் முக்கியம். பழைய டிராக்டர், பவர் டில்லர் போன்றவற்றில் டீசல் பம்ப் முழுக்க இயந்திரம். மின்னணுப் பெட்டி கிடையாது. ஆயில் எல்லாவற்றையும் உடனே வடித்து, டேங்கைக் கழுவி, செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் பிரித்துக் காயவைத்து, துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்ற பழைய டிராக்டர் ஒன்று, ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்கு வந்ததால், தைப் பட்டத்துக்கே உழவுக்கு இறங்கியது. டிராக்டரில் கியர் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் ஆயில் செலவு மட்டும் கூடுதல். முதலில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி வடித்துவிட்டு, பிறகு நல்ல ஆயில் ஊற்றுவது நல்லது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான பி.எஸ்.6 வண்டிகள் வேறு ரகம். இன்ஜினை நடத்துவதே மின்னணுப் பெட்டியும் அதோடு இணைந்த சென்சார்களும்தான். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் செலவு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

வேப்பமரத்தடியிலேயே மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

• ஆயில், பில்டர், டீசல் டேங்க் சுத்தம்: 12,000 ரூபாய்
• செல்ஃப் மோட்டார், டைனமோ, பேட்டரி: 14,000 ரூபாய்
• ஒயரிங், பியூஸ் பெட்டி, மீட்டர்: 22,000 ரூபாய்
• கிளட்ச், பிரேக், சக்கர பேரிங்: 18,000 ரூபாய்
• இன்ஜின் பிரித்து ராடு, பேரிங், லேத் வேலை, கூலி: 45,000 ரூபாய்
• சீட், டிங்கரிங்: 9,000 ரூபாய்

மொத்தம் 1,20,000 ரூபாய். வண்டி ஒரு மாதம் பட்டறையில் நிற்கும். அதுவரை 12 நடைக்கு வெளி வாடகை 8,400 ரூபாய். வண்டி விலையோடு சேர்த்தால் 2,58,400 ரூபாய். தண்ணீர் படாத வண்டியின் விலை 2,75,000. மிச்சம் 16,600 ரூபாய்தான்! பிரித்த பிறகு இன்னொரு கோளாறு தெரிந்தால் அதுவும் போய்விடும். நாளைக்கு விற்கப் போனாலும் 'வெள்ளத்தில் நின்ற வண்டி' என்று விலையைக் குறைப்பார்கள்.

மெக்கானிக் சொன்ன வழி எளிமையானது. "நல்ல வண்டி வெலையில இருந்து ரிப்பேர் செலவக் கழிச்சுக்கிடுங்க. ரிப்பேர் செலவுல கால்வாசிய, தெரியாத கோளாறுக்குன்னு இன்னொரு தடவை கழிங்க. வண்டி நிக்கித நாளுக்குள்ள நஷ்டத்தையும் கழிங்க. மீதிக்கு மேல ஒரு பைசா கொடுக்காதீங்க." அப்படிக் கழித்தால் 1,16,600 ரூபாய் வருகிறது. அது லாபமும் நஷ்டமும் இல்லாத விலை. அலைச்சலுக்கும் மனக்கவலைக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் ஒரு லட்சத்துக்குள் முடிய வேண்டும்.

"தொண்ணூறுக்குத் தாரியளா தம்பி?" என்று கேட்டார் விவசாயி.

வண்டிக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் ஆர்.சி. புத்தகத்தையும் கடன் அட்டையையும் எடுத்து வந்தார். வண்டி கடனில் இருந்தது. பாக்கி 1,10,000 ரூபாய். இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும். தன் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால்தான் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கேட்க முடியும். அதிலும், தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்புச் சேர்த்திருந்தால் தவிர, பெரும்பாலும் கிடைக்காது. இதெல்லாம் அவருக்கு வெள்ளம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"தொண்ணூறுக்குக் குடுத்தா, கையில இருந்து இன்னும் இருவதாயிரம் கட்டுனாத்தான் கடன் தீரும் அண்ணாச்சி. வண்டியும் இல்ல, தொழிலும் இல்ல. நான் என்ன செய்ய?"

வாங்குகிறவர் ஏற முடியாது. விற்கிறவர் இறங்க முடியாது. இருவரையும் அடித்தது ஒரே தண்ணீர்தான்.

வாங்குபவருக்கு நஷ்டம்... உரிமையாளருக்கு?

டீ வந்தது. குடித்துக்கொண்டே மெக்கானிக் அதே சீட்டின் பின்பக்கத்தில் வேறு கணக்கு போட்டார். புதிதாக வாங்குகிறவர் வண்டி விலையையும் கொடுத்து ரிப்பேரும் செய்ய வேண்டும். ஆனால், வண்டிக்காரர் விலை எதுவும் புதிதாகக் கொடுக்கப் போவதில்லை. கடன் எப்படியும் அவர் தலையில்தான். அவர் 1,20,000 செலவழித்தால், 2,75,000 ரூபாய் வண்டிக்குக் கொஞ்சம் குறைவான மதிப்புள்ள வண்டி கையில் நிற்கும்; அது தினமும் சம்பாதித்துக் கொடுக்கும். அதே வண்டியை அடுத்தவர் வாங்கினால் வீண்; சொந்தக்காரர் சரிசெய்தால் பிழைப்பு.

"அதுக்கும் பணம் வேணும்லா" என்றார் வண்டிக்காரர்.

விவசாயி கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்கு வண்டி வேண்டாம். என் எலை போய்ச் சேரணும், அவ்வளவுதான். நான் பதினஞ்சாயிரம் முன்பணமாத் தாரேன். நடைக்கு 700-க்குப் பதிலா 600-னு வச்சு, வாடகையில கழிச்சுக்கிடுங்க" என்றார். 25 நடையில் கழிந்துவிடும். சங்கிலியும் வீட்டிலேயே இருக்கும். ஊரில் இலை அறுக்கும் இன்னும் இரண்டு பேரிடமும் அன்று மாலையே பேசினார்கள். அவர்களும் ஆளுக்கு 15,000 கொடுக்கச் சம்மதித்தார்கள்.

மெக்கானிக் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் இன்ஜினை மட்டும் பிரிப்பது. கூலி 6,000 ரூபாய். பிளாக் உடைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, வண்டியைப் பாகம் பாகமாக விற்றுவிடுவது. உடையாமல் இருந்தால் மட்டும் மற்ற செலவு. முன்பணம் கொடுத்தவர்களின் பணத்தைப் பிளாக்கைப் பார்த்த பிறகுதான் தொடுவது. ஒயரிங்கும் சீட்டும் போட்டுவிட்டுக் கடைசியாக இன்ஜினைப் பிரித்து ஏமாந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

மூன்றாம் நாள் இன்ஜின் பிரிக்கப்பட்டது. ஒரு ராடு வளைந்திருந்தது. பிளாக் தப்பியிருந்தது.

காகிதத்தையும் பாருங்கள்

வெள்ளத்தில் நின்ற வண்டியை வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள், இரும்பைப் பார்ப்பதுபோல் காகிதத்தையும் பார்க்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் வண்டி கடனில் இருக்கிறதா என்பதும், எஃப்.சி., இன்சூரன்ஸ் நிலவரமும் தெரியும். கடன் இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், கடனை நீக்கும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். லோடு வண்டி என்றால் எஃப்.சி. எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். ரிப்பேர் சரியில்லாத வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும்.

இன்சூரன்ஸ் நிறுவனம் 'முழு நஷ்டம்' என்று ஒதுக்கிய வண்டிகளும் வெள்ளத்துக்குப் பிறகு ஏலத்துக்கு வரும். பழுது பார்க்கும் செலவு, வண்டிக்கு இன்சூரன்ஸில் குறித்துள்ள மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அப்படி ஒதுக்குவார்கள். அந்த வண்டிகள் பல கை மாறி, வெளியூர் சந்தைக்கு 'ஒரே ஓனர், நல்ல கண்டிஷன்' என்று வந்து நிற்கும். ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கை நீட்டக் கூடாது. ஆர்.சி. ரத்தான வண்டி உதிரி பாகத்துக்குத்தான் ஆகும்.

மாசி பிறந்த பிறகு ஒரு காலை நேரம். முக்காணி ஆற்றுப்பாலத்தின் மேல் இலைக்கட்டுகளோடு அந்தக் குட்டி யானை போய்க்கொண்டிருந்தது. கீழே தாமிரபரணி, ஒன்றுமே நடக்காததுபோல் மணலுக்கிடையே ஒதுங்கி ஓடியது. வண்டிக்கு ஹாரன் மட்டும் ஈரக்காற்று பட்டால் அடிக்க மறுக்கிறது. "அது கெடக்கட்டும், அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்கிறார் வண்டிக்காரர். இந்தத் தடவை முழு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார். மணல் மூடிய ஆற்றங்கரை வயலில், மணலை அள்ளிவிட்டு வாழைக்கன்று வைக்கக் குழி எடுத்துக்கொண்டிருக்கிறார் விவசாயி. வரப்போரத்தில், வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிறது டி.வி.எஸ்.